ரேடாரை மோப்பம் பிடிக்கும் பெட்டி... தெரியுமா?

கார் வைத்திருக்கும் நாலு பேர் கூடினால் ஒருவராவது கேட்டுவிடுவார்: "ரேடார் டிடெக்டர்னு ஒண்ணு இருக்காமே! போலீஸ் ஸ்பீடு கன்னோட நின்னா முன்கூட்டியே கத்துமாமே! வாங்கி மாட்டலாமா சார்?" ஜிஎஸ்டி சாலையில் மறைமலைநகரைக் கடந்து பரனூர் சுங்கச்சாவடி நோக்கிச் சாலை விரிய விரிய, இந்தக் கேள்வி மனத்தில் எழாத ஓட்டுநர் குறைவு. பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கும் அதிசயங்களைக் கேட்டால், வாங்குவதா வேண்டாமா என்பதையே கொஞ்ச நேரம் மறந்துவிடுவீர்கள்!

முதலில் மறைமலைநகர் ரயில் நிலையத்துக்கு வாருங்கள். வைகை எக்ஸ்பிரஸ் இங்கே நிற்காது. ஹாரன் அடித்தபடி பாய்ந்து போகும். வரும்போது கூர்மையாகக் கேட்ட ஹாரன், நம்மைக் கடந்த நொடியில் சட்டென்று இறங்கிவிடுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? எவ்வளவு இறங்குகிறது தெரியுமா? மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போனால், கிட்டத்தட்ட மூன்று அரைச்சுரம். கர்நாடக சங்கீதக் கணக்கில் சொன்னால், சாதாரண காந்தாரத்தில் வந்த ரயில் ஷட்ஜத்தில் போய்ச் சேருகிறது! ரயிலின் வேகம் மாறினால் இந்த இறக்கமும் மாறும். ஆக, காது தேர்ந்த ஒரு பாடகர் கண்ணை மூடிக்கொண்டே ரயிலின் வேகத்தைச் சொல்லிவிட முடியும்.

இதைக் கணக்காக எழுதியவர் ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் டாப்ளர், 1842-ல். அதைச் சோதித்த விதம் இன்னும் அழகு! 1845-ல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்ற அறிஞர், ஊதுகொம்புக் கலைஞர்களை ரயிலில் ஏற்றி ஒரே சுரத்தை விடாமல் ஊதச் சொன்னார். தண்டவாளத்தின் ஓரத்தில் சுருதி ஞானம் உள்ளவர்களை நிறுத்திக் கேட்கவைத்தார். டாப்ளர் சொன்னபடியே சுருதி ஏறி இறங்கியது. இன்று உங்கள் காரைப் பிடிக்கும் ஸ்பீடு கன்னுக்கு மூலம் அந்த நாதம்தான்.

ஸ்பீடு கன் செய்வதும் இதையேதான், ஒலிக்குப் பதில் ரேடியோ அலையை வைத்து. பரவலாகப் பயன்படும் கே-பேண்ட் கருவி நொடிக்கு 2,415 கோடி முறை அதிரும் அலையை உங்கள் கார்மீது வீசுகிறது. கார் தகரத்தில் பட்டுத் திரும்பும் அலையில் ஒரு மிகச் சிறிய வித்தியாசம். மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 45 அதிர்வு. அவ்வளவே! 2,415 கோடியில் வெறும் 45! போன அலையையும் வந்த அலையையும் ஒன்றாகக் கலந்தால் அந்த வித்தியாசம் மட்டும் தனியாக எஞ்சும். அது மனிதக் காது கேட்கும் எல்லைக்குள்ளேயே விழுகிறது என்பது தெரியுமா? 60-ல் போகும் கார் ஏறக்குறைய 2,700 ஹெர்ட்ஸில் பாடுகிறது. 100-ஐத் தொட்டால் ஏறக்குறைய 4,470. பியானோவின் கடைசிக் கட்டையையும் தாண்டிய உச்சம் அது! ஒவ்வொரு காருக்கும் அதன் வேகமே ஒரு சுருதி.

சேப்பாக்கத்தில் பந்துவீச்சாளரின் வேகத்தைத் திரையில் காட்டும் ரேடாருக்கும் இதே தத்துவம். சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் 2002-ல் நிறுவப்பட்ட டாப்ளர் வானிலை ரேடாருக்கும் அதே. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தபோது மேகத்துக்குள் காற்று எந்த வேகத்தில் சுழல்கிறது என்று பார்த்துச் சொன்னது, கார் வேகத்தைப் பிடிக்கிற இந்த எளிய கணக்குதான். உயிர் காக்கும் கணக்கு அது.

இந்த ரேடார் சாலைக்கு வந்த கதை தெரியுமா? இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்காக ஜான் பார்க்கர் என்ற பொறியாளரும் அவருடைய கூட்டாளியும் அமெரிக்காவில் உருவாக்கிய கருவி, 1940-களின் இறுதியில் கனெக்டிகட் மாநிலத்தின் கிளாஸ்டன்பரி ஊர்ச் சாலையில் போலீஸ் கைக்கு வந்தது. பிறகு நடந்ததுதான் உச்சம். பிரிட்டனின் ராபர்ட் வாட்சன்-வாட், 1935-ல் டேவன்ட்ரி அருகே ரேடாரைச் செய்துகாட்டி ஹிட்லரின் விமானங்களிடமிருந்து தன் நாட்டைக் காத்த மாமேதை, 1950-களில் கனடாவில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது வேகமாகப் போனதாகப் பிடிபட்டார். பிடித்தது எது? ரேடார்! அவர் அதைப் பற்றிக் கவிதையே எழுதினார்.

சரி, ரேடார் டிடெக்டர் எப்போது பிறந்தது? கார்களுக்காகத்தான் பிறந்தது என்று நினைத்தால் தவறு. கடலில் பிறந்தது! 1942-ல் பிஸ்கே வளைகுடாவில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைப் பிரிட்டிஷ் விமானங்கள் ரேடார் வைத்து இரவிலும் வேட்டையாடின. ஜெர்மானியர்கள் மெட்டாக்ஸ் என்ற கருவியை நீர்மூழ்கிகளில் பொருத்தினார்கள். மரச்சட்டத்தில் கம்பி சுற்றிய, சிலுவை போன்ற ஆன்டெனா. விமானத்தின் ரேடார் அலை பட்டதும் சத்தம் கேட்கும். நீர்மூழ்கி உடனே முங்கிவிடும். சில மாதங்கள் அது உயிர் காத்தது. 1943-ல் பிரிட்டன் பத்து சென்டிமீட்டர் அலைக்கு மாறியது. மெட்டாக்ஸுக்கு அந்த அலை கேட்கவே கேட்காது! ஏன் திடீரென்று இத்தனை நீர்மூழ்கிகள் அழிகின்றன என்று ஜெர்மானியர்கள் திகைத்தபோது, சிறைப்பட்ட பிரிட்டிஷ் விமானி ஒருவர் கதை அளந்துவிட்டார்: "உங்கள் மெட்டாக்ஸிலிருந்து கசியும் அலையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம்." நம்பிவிட்டார்கள். மெட்டாக்ஸையே அணைத்துவைக்க உத்தரவு போனது. ஒற்றைப் பொய் ஒரு கடற்படையையே குழப்பிய கதை!

அந்தப் பொய்க்குள் ஓர் உண்மை ஒளிந்திருந்தது என்பதுதான் இன்னும் வியப்பு. ரேடார் அலையை மோப்பம் பிடிக்கும் கருவி தானும் ஒரு மெல்லிய அலையைக் கசியவிடும். அதற்குள் இருக்கும் சூப்பர்ஹெட்டரோடைன் சுற்றுக்கு, வரும் அலையோடு கலக்க ஓர் உள் அலை வேண்டும். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918-ல் கண்டுபிடித்த இந்த முறைதான் தாத்தா காலத்து வால்வு ரேடியோவிலும் இருந்தது. கார் டிடெக்டரின் உள் அலை கண்ணாடி வழியே வெளியே கசிகிறது. அதைப் பிடிக்கவே வெளிநாட்டுப் போலீஸ் இன்னொரு கருவியை வைத்திருக்கிறது, டிடெக்டரைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர்! அதற்கும் பிடிபடாத டிடெக்டரை நிறுவனங்கள் செய்தன. இந்தத் துரத்தல் பல பத்தாண்டுகளாக ஓயாமல் நடக்கிறது.

சின்னஞ்சிறு பெட்டி எப்படிப் போலீஸை முந்துகிறது? இதில்தான் இயற்பியலின் அழகு. ஸ்பீடு கன்னின் அலை உங்கள் காருக்கு வந்து, தெறித்து, திரும்பியும் போகவேண்டும். உங்கள் டிடெக்டருக்கோ ஒருவழிப் பயணம் போதும். தூரம் இரட்டித்தால் டிடெக்டருக்கு எட்டும் அலை நாலில் ஒரு பங்காகும். கன்னுக்குத் திரும்பும் எதிரொலியோ பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்! அதனால் கன் உங்களைக் காண்பதற்கு வெகுமுன்பே டிடெக்டர் கன்னைக் கேட்டுவிடுகிறது. 1978-ல் சின்சினாட்டி நகரிலிருந்து வந்த எஸ்கார்ட் என்ற டிடெக்டர் இந்தக் கலையை உச்சிக்குக் கொண்டுபோனது. 1992-ல் வந்த வேலன்டைன் ஒன், அலை முன்னாலிருந்தா பின்னாலிருந்தா பக்கத்திலிருந்தா என்று அம்புக்குறி போட்டே காட்டியது.

வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் இந்த இடத்தில் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். ஒரு எல்லை தாண்டினால் சட்டமே தலைகீழ். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் தனியார் காரில் வைத்துக்கொள்ளலாம். வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் நகரிலும் கூடாது. நம் மக்கள் நிறைந்த டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோவில் வைத்திருப்பதே குற்றம், போலீஸ் பறிமுதல் செய்துவிடும். அதே கனடாவின் ஆல்பர்டாவில் தடையில்லை! பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் எல்லாம் கண்டிப்பான தடை. பிரிட்டனில் 1998-ல் வந்த நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தடையில்லை. அனுமதி உள்ள ஊரில் வாங்குவதானால் அம்புக்குறி காட்டுவதும், பொய் எச்சரிக்கைகளை வடிகட்டுவதும் இருக்கிறதா என்று பாருங்கள். முன்கண்ணாடியில் பார்வையை மறைக்காத உயரத்தில், சாலையை நேராகப் பார்க்கும்படி மாட்டுங்கள். வெயில் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி என்றால் அலை உள்ளேயே வராது.

பொய் எச்சரிக்கை என்றேனே, அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? நீங்கள் கிட்டப் போனதும் தானே திறக்கும் ஷோரூம் கதவிலிருந்து! அந்தக் கதவின் தலையில் இருப்பதும் ஸ்பீடு கன்னின் அலைவரிசையை ஒட்டிய ஒரு குட்டி ரேடார்தான். பக்கத்து லேனில் வண்டி வந்தால் கண்ணாடியில் விளக்கு எரியும் கார்கள் பலவற்றிலும் 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் இருக்கும். ஜிஎஸ்டி சாலையின் இருபுறமும் வரிசைகட்டி நிற்கும் ஷோரூம்களையும் துணிக்கடைகளையும் நினைத்துப் பாருங்கள். தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை அந்தப் பெட்டி எத்தனை தடவை வீணாகக் கத்தும்!

இப்போது நம் ஊர் விஷயம். நெடுஞ்சாலையில் நிற்கும் இன்டர்செப்டர் வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் ரேடார் அல்ல, லேசர்! வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். 300 மீட்டர் தள்ளி நின்றால் கையடக்க ரேடாரின் அலை அறுபது மீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும்; சாலையில் போகும் எல்லா வண்டிமீதும் விழும், அதனால்தான் டிடெக்டருக்குச் சிக்குகிறது. லேசரின் ஒளிப்பொட்டு அதே தூரத்தில் ஒரு மீட்டர் அகலம்கூட இருக்காது. உங்கள் நம்பர் பிளேட்டைக் குறிவைத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்புகளை அனுப்புகிறது. 300 மீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கு எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு நொடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு! அரை நொடிக்குள் உங்கள் வேகம் பதிவாகிவிடும். பெட்டி கத்தும்போது எல்லாம் முடிந்திருக்கும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவி, "நீ மாட்டிக்கொண்டாய்" என்று சொல்வதற்கு மட்டுமே பயன்படும்.

கன்னின் அலையைக் குழப்பும் ஜாமர் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் உடனே காதைப் பொத்திக்கொள்ளுங்கள். இந்தியாவில் தனிநபர் ஜாமர் வைத்திருப்பது சட்டவிரோதம்.

ஓட்டுநருக்குச் சாதகமான ஒரு ரகசியமும் உண்டு. சாலையோரத்தில் நிற்கும் கருவி உங்களைச் சாய்கோணத்தில் பார்க்கிறது. கோணம் கூடக் கூட, நேராகப் போகும் காரின் வேகம் குறைவாகத்தான் தெரியும். 20 டிகிரி கோணத்தில் 100 என்பது 94 ஆகும். இந்தப் பிழை ஓட்டுநர் பக்கமே சாய்கிறது! இன்னொன்று: காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை வைக்கிற எடையளவுச் சட்டத்தின் கீழ், வாகன வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளுக்கும் மத்திய அரசு 2025-ல் விதி கொண்டுவந்தது. தராசைச் சோதிப்பதுபோல் ஸ்பீடு கன்னையும் சோதித்து முத்திரையிட வேண்டும். நுகர்வோர் உரிமையில் அக்கறை உள்ள எவரும் வரவேற்க வேண்டிய விதி இது.

என்னை மிக வியக்கவைத்தது அடுத்த தகவல். ரேடார் டிடெக்டர் என்ன செய்யும்? முன்னால் கண்காணிப்பு இருக்கிறது என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அரசே இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தெரியுமா? 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த 167ஏ விதிப்படி, கேமரா வைத்துக் கண்காணிக்கும் சாலைப்பகுதிக்கு முன்பே, கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை வைத்தாக வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பலகையில்லாமல் அபராதம் வந்தால் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த உரிமையை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காரிலேயே ஒரு எச்சரிக்கைக் கருவி ஏற்கெனவே இருக்கிறது என்பதும் தெரியுமா? 2019 ஜூலை 1 முதல் தயாராகும் ஒவ்வொரு காரும் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டுப் பீப் அடிக்கும், 120-ஐத் தாண்டினால் நிறுத்தாமல் அடிக்கும். எரிச்சலாக இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் சொல்லி அதை எடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்! கைப்பேசியில் கூகுள் மேப்ஸும், நம் நாட்டு மேப்பிள்ஸும் கேமரா இருக்கும் இடங்களைச் சொல்கின்றன. மேப்பிள்ஸ் வேகத்தடை, பள்ளம் வரை சொல்கிறது. கிளம்பும் முன்பே வழியைப் போட்டு, கைப்பேசியைத் தாங்கியில் மாட்டிவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள்.

மறைமலைநகர்க்காரர்களுக்கு ஒரு தனிச் செய்தி. எக்கோஸ்போர்ட் கார்கள் வரிசையாக வெளியே வந்த நம் ஊர் ஆலையின் சொந்தக்காரரான ஃபோர்டு நிறுவனம், அமெரிக்காவில் வாங்க முயன்ற ஒரு காப்புரிமை 2024-ல் வெளியானது. அதன்படி சாலையில் போகும் ஒரு கார், தன்னைச் சுற்றி வேகமாகப் போகும் இன்னொரு காரின் வேகத்தை அளந்து, படம் எடுத்து, போலீஸுக்குத் தகவல் அனுப்பும்! காவல்துறை வண்டிகளுக்காகத்தான் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. ஓடும் காரே ஸ்பீடு கன்னாக மாறும் காலம் வந்தால், எந்த டிடெக்டர் என்ன செய்யும்?

நம் ஊருக்கு அடுத்தே இன்னொரு அதிசயம் நடந்துகொண்டிருக்கிறது. மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் மகிந்திரா ரிசர்ச் வேலியில் உருவான எக்ஸ்யூவி 700, 2021-ல் வந்தபோது முகப்பில் ரேடாரோடு வந்தது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான அந்நிறுவனத்தின் மின்சாரக் கார்களில் ஐந்து ரேடார்! அவற்றின் அலைநீளம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஒரு துவரம்பருப்பின் அளவு. இந்த 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் கார்கள் பயன்படுத்த இந்தியா 2015-லேயே வழி திறந்துவிட்டது. முன்னால் போகும் லாரி சட்டென்று பிரேக் போட்டால், நம் கால் அசையும் முன்பே ரேடார் கண்டு கார் தானே பிரேக் பிடிக்கிறது. நம்மைப் பிடிக்க வந்த அலை நம்மைக் காக்க வண்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது! செங்கல்பட்டுப் பொறியாளர்களின் கைவண்ணம் இதில் இருக்கிறது என்பது எனக்கு உண்மையான பெருமை. கார் வாங்கப் போகிறீர்களா? டிடெக்டருக்கு வைத்திருந்த பணத்தைச் சேர்த்துப் போட்டு, தானியங்கி அவசரப் பிரேக் உள்ள மாடலைக் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பத்தில் ஏழு பேர் இறந்ததற்குக் காரணம் அதிவேகம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அந்த ஆண்டில் இந்தியாவிலேயே மிக அதிகமாக விபத்து நடந்த மாநிலம் எது தெரியுமா? நம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

60-ல் போகும் காரில் ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. அதற்குள் 17 மீட்டர் போயிருப்பீர்கள். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டர். 100-ல் போனால் அந்த ஒரு நொடியில் 28 மீட்டர், நிற்க மேலும் 55 மீட்டர். 37 மீட்டரில் நின்றிருக்க வேண்டிய கார் 83 மீட்டர் போய் நிற்கிறது. இடைப்பட்ட 46 மீட்டருக்குள்தான் ஷிப்ட் முடிந்து ஜிஎஸ்டி சாலையைக் கடக்கும் தொழிலாளியும், பொத்தேரியில் பேருந்துக்கு ஓடும் மாணவியும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குடும்பமும் இருக்கிறார்கள்.

ஆகவே, நம் சாலைக்கு ரேடார் டிடெக்டர் வேண்டாம். சென்னை மாநகரப் போக்குவரத்துக் காவல் 2023 நவம்பரில் அறிவித்த வேக வரம்பு கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் 30. இந்த நான்கு எண்களையும் இன்றே உங்கள் வீட்டில் வண்டி ஓட்டும் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். நகரைத் தாண்டினால் பலகையில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்.